தண்டாலுக்கு ஒரு சொல்

"தண்டால் எடுக்கறதுக்கு ஜப்பான் பாஷையில என்ன டீச்சர்?" என்று அவள் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் படிக்கிற பெண்கள்; எல்லாருக்கும் அவள் அக்கா. நேர்காணலில் பொழுதுபோக்கைக் கட்டாயம் கேட்பார்கள். மற்றவர்களுக்குப் பாட்டு, ஓவியம் என்று பிரித்துக் கொடுத்த டீச்சர், அவளுக்கு மட்டும் யோசிக்காமல் 'ரியோரி' என்றாள். சமையல்.

"சமையல் எனக்கு வேலை டீச்சர். பொழுதுபோக்கு இல்ல."

"வயசு ஏற்கெனவே இடிக்குது. அடக்கமா எதையாவது சொல்லிட்டு வேலைய வாங்கப் பாரும்மா."

படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் புரட்டிப் போட முடியாமல் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட காலத்தில் தொடங்கியது இந்த உடற்பயிற்சிப் பழக்கம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த சந்தில் பஸ்கி, தண்டால். "பயில்வானையா நான் கட்டிக்கிட்டேன்?" என்பான் கணவன். "ஆமா, பார்த்து நடந்துக்கோங்க" என்பாள், மூச்சு வாங்கியபடியே.

டீச்சர் சொல்லாத சொல்லை அவளே கைபேசியில் தேடிப் பிடித்தாள். உதேதாதே ஃபுசே. "ஊதாதே, பூசாதேன்னு கேக்குதுக்கா!" என்று பக்கத்து இருக்கைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிரித்துப் பார்த்தால் கை, ஊன்றுதல், கவிழ்தல். கருவி எதுவுமில்லாமல் உடம்பை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிக்கும் ஒரு சொல் இருந்தது: ஜிஜூ. சொந்த எடை. என் எடைய நான் தூக்கறதுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேர்காணல் அன்று மடிக்கணினித் திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். கணினிக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாமல், டீச்சர். பொழுதுபோக்கு என்ன என்ற கேள்வி வந்தது. டீச்சரின் உதடுகள் ஓசையில்லாமல் 'ரியோரி' என்றன.

"உதேதாதே ஃபுசே தெசு."

குனிந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்த நடுவிலிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மளமளவென்று ஏதோ கேட்டாள். அவளுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. 'இமா'. இப்போது.

டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவள் டீச்சரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"ஹாய். இமா." ஆமாம், இப்போதே.

நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, சில்லென்ற தரையில் உள்ளங்கைகளைப் பதித்துக் கால்களைப் பின்னால் நீட்டினாள். அங்கிருந்து திரை தெரியவில்லை. அந்தரத்தில் நின்றிருந்த டீச்சரின் கைகள் மெல்ல இறங்கி, மடிக்கணினியின் மூடியைப் பிடித்து, கேமராவுக்குத் தரை தெரியும்படி அவள் பக்கமாகத் தாழ்த்தின.

"இச்சி" என்று எண்ணத் தொடங்கியது அதிலிருந்து ஒரு குரல்.