அதே பேரில் இன்னொரு ஊர்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் பேர்மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. எங்களுடையது சலவைக் கடை. முன்பக்கம் நான் துணி வாங்கிப் போடுகிற மேசை, பின்பக்கம் அவருடைய இரண்டு இயந்திரங்களும் நீராவி இஸ்திரி மேசையும், மேலே மொட்டை மாடியில் கொடிக் கயிறுகள். கடை தொடங்கிய புதிதில் ஒரே பேரில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் இரும்புக் கடைக்காரர். டாக்டரின் புதுச் சட்டையை நான் இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்துத் தொலைத்தேன். அந்த மனிதரும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அங்கே டாக்டரும் வந்திருக்கிறார். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் தெறித்த நிலையில் தன் சட்டையை இன்னொருவர் உடம்பில் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எங்கள் மானம் கப்பலேறிவிட்டது.

அன்றிலிருந்து நாங்கள் யாரிடமும் பேர் கேட்பதில்லை. காலருக்குள் நூலால் ஓர் அடையாளம் போட்டுவிடுவோம். சிவப்பில் ஒற்றைத் தையல் என்றால் டாக்டர், பச்சையில் இரட்டைத் தையல் என்றால் இரும்புக் கடை. புதிதாக வருகிறவர் பேர் சொல்ல வாயெடுத்தால், "பேரெல்லாம் வேண்டாம் சார், அது நாலு பேருக்கு இருக்கும். துணியைக் குடுங்க" என்பார் இவர். இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு பேரை நம்பி ஏமாந்தார். அதுவும் பெற்ற மகள் விஷயத்தில்.

மகள் எங்களுக்கு ஒருத்திதான். படிப்பு முடிந்ததும் கடல் தாண்டி ஒரு நாட்டில், மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. "அப்போ கடையை யாரு பாத்துக்கறது?" என்று இவர் கேட்டார். "இப்ப யாரு பாத்துக்கறாங்களோ அவங்கதான்" என்று அவள் சொன்னாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், வேறெப்படிச் சொல்வாள்? இவருக்கு வந்ததே ஒரு கோபம். "வாசலைத் தாண்டினா உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டார். அவள் தாண்டினாள். இவர் பேச்சை நிறுத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம் இரண்டு பேருமே.

பேச்சை நிறுத்தியவரால் விசாரிப்பை நிறுத்த முடியவில்லை. சலவைக் கடைக்காரர் காலையில் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, வானிலையைப் பார்த்துவிடுவார். மாடியில் துணி போடலாமா கூடாதா என்பதில்தானே எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அவர் தன்னுடைய கைப்பேசியில் எங்கள் ஊர் வானிலைக்குக் கீழே மகளுடைய ஊரின் பேரையும் ஏற்றி வைத்துக்கொண்டார். நான் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போது இஸ்திரி மேசையிலிருந்து, என்னவோ சுவரிடம் சொல்கிற மாதிரி குரல் வரும்.

"அங்க சாயங்காலம் மழையாம். குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் சொல்வேன். "சரிம்மா, எடுத்துட்டுப் போறேன்னு சொல்லு" என்பாள் அவள். அதையும் நான் சொல்வேன். இவர் பதிலுக்கு நீராவியை ஒரு தரம் புஸ்ஸென்று விடுவார். இரண்டு வருஷமாக அப்பா மகள் உறவு இவ்வளவுதான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "ஏங்க, நீங்களே வாயைத் திறந்து பேசினா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்பேன். காது கேளாதவர் மாதிரி சட்டைக் கையை நீவிக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் முழுக்க மகள் ஊரில் மழை என்றே காட்டியது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லு, வழுக்குற செருப்பைப் போட வேண்டாம்னு சொல்லு, பால் பாக்கெட்டு ரெண்டு சேத்து வாங்கி வெச்சுக்கச் சொல்லு என்று எனக்கு ஓயாமல் வேலை வைத்தார். முந்தின நாள் பேசியபோதுகூட அவள், "ஆமாம்மா, ஊத்து ஊத்துன்னு ஊத்துது. பயப்பட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை, பக்கத்தில் விமான டிக்கெட் கடை வைத்திருக்கும் தம்பி எங்கள் படியேறி வந்தார். தம்பி என்பது வாய்ப் பழக்கம்; ஆளுக்கு நாற்பதைத் தாண்டி, தலையும் பாதி வழுக்கையாகிவிட்டது. எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிற ஆள் அன்று சிரிக்கவில்லை.

"அண்ணி, பாப்பா எந்த ஊர்ல இருக்குன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். ஓர் அணை உடைந்திருந்தது. விடிகாலையில் தண்ணீர் ஊருக்குள் புகுந்து வீடுகள் வெறும் கூரைகளாகத் தெரிந்தன. படத்துக்குக் கீழே மகளுடைய ஊரின் பேர் ஓடிக்கொண்டிருந்தது. நாடும் அதே நாடு.

நான் அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்றது. மறுபடியும் கூப்பிட்டேன், அதே பதில். தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவளுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் என் போனை அவள் எடுக்காமல் இருந்ததே இல்லை.

இவர் பின்பக்கத்திலிருந்து வந்து படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டையில் யாராவது சாய்ந்தாலே கத்துகிறவர். "ஒரு வார்த்தை பேசலியே நான். ரெண்டு வருஷமா பெத்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசலியே" என்று வாய்விட்டுச் சொன்னார்.

ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கோட்டு கேட்டு வந்தார். எதையோ எடுத்து நீட்டினேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

டிக்கெட் தம்பிதான் நிதானமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று, "இருங்க, இருங்க அண்ணே" என்றார். "இந்தப் பேர்ல அந்த நாட்டுலயே ரெண்டு ஊர் இருக்கு. உலகம் பூரா எத்தனையோ இருக்கு. கப்பலேறிப் போனவன் எல்லாம் போன எடத்துக்கும் தன் ஊர்ப் பேரையே வெச்சுட்டான். எங்க தொழில்ல இதுல மாட்டாத ஆளே கிடையாது. ஒரு புது ஜோடியை நானே கடற்கரைக்குப் பதிலா பாலைவனத்துல எறக்கிவிட்டிருக்கேன்."

"கதை அப்புறம் சொல்லு தம்பி! எம்பொண்ணு எதுல இருக்கா?"

"அதை நீங்கதான் சொல்லணும். அணை ஒடஞ்சது ஆத்தங்கரை ஊர், நாட்டுக்கு அந்தக் கோடி. இன்னொண்ணு கடலோரம், இந்தக் கோடி. பாப்பா எப்பவாச்சும் கடலைப் பத்திச் சொல்லியிருக்கா?"

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நிற்கிற மாதிரி ஒரு படம் அனுப்பியிருக்கிறாளே! "கடல்தான்! கடலோரம்தான்!" என்று கத்தினேன்.

"சும்மா இரு" என்றார் இவர் மூட்டைமேலிருந்து. "ஆசை காட்டாத. லீவுல எங்கயாச்சும் போய் எடுத்திருப்பா. தம்பி, அந்தக் கடலோர ஊர்ல இப்ப மழை இருக்கா பாருங்க."

தம்பி பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ஒரு மாசமா ஒரு சொட்டு இல்ல அண்ணே."

"கேட்டியா? ரெண்டு வருஷமா நான் மழைன்னா அவளும் மழைங்கறா, வெயில்னா வெயில்ங்கறா. ஒரு நாளாவது மாத்திச் சொன்னாளா? நேத்து ஊத்துதுன்னு உன்கிட்டதானே சொன்னா?"

மழையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஊத்து ஊத்தென்று ஊற்றுகிறது என்று சொல்ல என் மகளுக்கு என்ன பைத்தியமா? அப்படியானால் ஆற்றங்கரை ஊர்தான். வந்த உயிர் வந்த வழியே போய்விட்டது. கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் எழுந்தார். "எனக்கு ஒரு டிக்கெட் போடுப்பா" என்றார்.

"எந்த ஊருக்கு அண்ணே?"

"ரெண்டுக்கும் போடு."

தம்பி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. நான் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். துவைத்து முடித்த இயந்திரம் பின்னால் கத்திக்கொண்டே கிடந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று தெரியாது. என் கையிலேயே போன் அடித்தது.

"என்னம்மா, இத்தனை தடவ கூப்பிட்டிருக்க? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் குரல்தான். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எங்கடி இருக்க? எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று திட்டினேனே தவிர, நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"வேலையிலதான்ம்மா. ஒருத்தி வரலைன்னு லீவு நாள்லயும் கூப்பிட்டுட்டாங்க. போன் லாக்கர்ல இருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

"அணை ஒடஞ்சு ஊரே முழுகிக் கெடக்கு, என்ன ஆச்சுங்கற!"

"அணையா?" என்றாள். பிறகு, "ஐயோ... அம்மா, அது இந்த ஊர் இல்ல. அது அந்த ஊர்" என்றாள்.

"அப்போ அந்த மழை?"

"இங்க மழையே பெய்யாதும்மா. நான் வந்ததுலேந்து நாலு தடவ பெஞ்சிருந்தா அதிகம். அப்பா பேரைத் தட்டினதும் முதல்ல வந்த ஊரை எடுத்து வெச்சுக்கிட்டாருன்னு எனக்கு மொத மாசமே தெரியும்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"உனக்கு ஓட்டை வாய்ம்மா. அடுத்த சண்டையிலயே அப்பாகிட்ட போட்டு ஒடைச்சிருப்ப."

உடைத்துத்தான் இருப்பேன், இல்லையென்று சொல்ல முடியாது. சத்தமெல்லாம் வெளியே கேட்கும்படி வைத்திருந்ததால் இவர் அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏன் பொய் சொன்ன?" என்றார். இரண்டு வருஷம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க எனக்காகக் கேட்டது அது ஒண்ணுதானேப்பா. அது தப்பான ஊருன்னு சொல்லிட்டா அதையும் நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. தினமும் நானும் அந்த ஊர் வானிலையைப் பாத்துட்டுத்தான் அம்மாகிட்ட பேசுவேன்."

இவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "உங்கிட்ட குடையாவது இருக்கா?" என்று கேட்டார். "வாங்கவே இல்லப்பா" என்றாள். இவர் சிரித்துவிட்டார். அங்கே அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். டிக்கெட் தம்பி சிரித்த சிரிப்பில் வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முழுகிப்போன அந்த ஊரிலும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான் இருப்பார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அப்பனும் மகளும்தான் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். "பாவம், ரெண்டு வருஷமா பாத்துட்டு இருந்த ஊருப்பா" என்றாள் அவள். "ஜனங்களுக்கு என்ன ஆச்சோ" என்றார் இவர். முந்தின நாளே ஆட்களையெல்லாம் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்களாம், வீடுகள்தான் போயினவாம் என்று தம்பி தேடிப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

இவர் போனோடு எழுந்து மாடிக்குப் போனார். தங்குகிற அறை எப்படி, சோறு யார் ஆக்குகிறார்கள், மேலதிகாரி தொல்லை கொடுக்கிறாரா என்று ஒன்றுவிடாமல் கேட்கிற சத்தம் படிக்கட்டு வழியாகக் கீழே வந்துகொண்டே இருந்தது. "ஏங்க, பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கறேன், போனைக் குடுங்க!" என்று இரண்டு தரம் கத்தினேன். மேலேயிருந்து "இரு, இரு" என்று மட்டும் பதில் வந்தது. என்னுடைய போன், என்னுடைய மகள், என்னை இருக்கச் சொல்கிறார்!

அதற்குள் இரும்புக் கடைக்காரர் ஒரு மூட்டைத் துணியோடு வந்து மேசைமேல் வைத்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மெஷின் அந்தக் கத்து கத்துது, அண்ணனைக் காணோம்?" என்றார்.

"பொண்ணுகிட்ட பேசிட்டு இருக்கார்" என்றேன்.

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, "யாருகிட்ட?" என்றார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னேன்.