பத்தாம் படுக்கையில் அசைந்த உதடுகள்

கடவுளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை நின்று பதினோரு மாதமாகிறது. பத்தொன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவளின் இரண்டு காதுகளையும் ஒரு காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. வேலை போய்விடுமே என்று இரண்டு வாரம் மூடி மறைத்தாள். ஒருநாள் மானிட்டர் அலறுவதுகூடத் தெரியாமல் நோயாளிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இன்னொரு நர்ஸ் ஓடிவந்ததால் அந்த உயிர் பிழைத்தது. அன்றோடு அவளைத் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"இதுலயும் கடவுளுக்கு ஒரு நோக்கம் இருக்கும்" என்று கணவர் ஆறுதல் சொல்ல, "என்ன நோக்கம், பெட்ஷீட் மடிக்கறதா?" என்று ஒரே போடாகப் போட்டாள். பாவம் மனிதர், அவர் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் உதட்டசைவைப் படிக்கவே கற்றுக்கொண்டாள். பாதி புரியும், மீதிக்குச் சண்டை வரும்.

அன்று காலை துணி வண்டியோடு பழைய பிரிவுக்குள் நுழைந்தபோது பத்தாம் படுக்கையைச் சுற்றி ஒரே அமளி. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருந்த லாரி டிரைவர் ஒருவர் திமிறிக்கொண்டிருந்தார். குழாய் இருப்பதால் குரல் வராது. புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவுகட்டிய டாக்டர் கைகளைக் கட்டச் சொல்லிவிட்டுத் தூக்க ஊசியைக் கையில் எடுத்தார்.

அவள் கண்கள் அந்த உதடுகளில் போய் நின்றன. கால். இடது கால். உணர்ச்சியே இல்ல.

தப்பாகப் படித்திருந்தால்? ஏற்கெனவே ஓர் உயிரோடு விளையாடியவள் என்ற கெட்ட பெயர் இருக்கிறது. இன்னொரு தடவை சறுக்கினால் துணி அறையும் மிஞ்சாது. கண்டும் காணாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். அதற்குள் ஊசி அவர் கை அருகே வந்துவிட்டது.

"ஊசி போடாதீங்க டாக்டர். இடது கால்ல உணர்ச்சி இல்லைங்கறார்."

டாக்டர் திரும்பி ஏதோ சொன்னார். எரிச்சல் என்பது படிக்காமலே புரிந்தது. அவள் கட்டிலைச் சுற்றிப் போய், டிரைவரின் முகத்துக்கு நேரே குனிந்து, இடது காலா என்று கேட்டாள். அவர் கண்ணீரோடு தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். டாக்டர் போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே வெளுத்துச் சில்லிட்டிருந்தது. அடுத்த நிமிடம் கட்டிலோடு அவரை அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் டாக்டரே துணி அறைக்கு வந்து அவளைப் பத்தாம் படுக்கைக்குக் கூட்டிப்போனார். டிரைவர் அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார், மறக்காமல் அவள் முகத்துக்கு நேராக நின்று.

"நேத்து நான் ஏன் அப்படிக் கத்துனேன்னு கேக்குறார்."

தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. காது போன வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் தன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திய கடவுளுக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கிறது என்று முதல் தடவையாக நம்பினாள்.

பக்கத்துப் படுக்கையில், அதே மாதிரி குழாயோடு கிடந்த ஒரு பெண் விரலை அசைத்து அவளைக் கூப்பிட்டாள். எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்தாளோ. அவள் நாற்காலியை அந்த முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா" என்றாள்.