அடிக்கிறதா, விடுறதா?

எங்கள் வரிசைக்கு நாலு வாசல், ஒரு விறாந்தை. புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடம். ஒல்லாந்தர் கட்டியது என்பார்கள். அது ஒழுகுகிற விதத்தைப் பார்த்தால் நோவாவின் காலத்து மழையையும் கண்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். முதல் வாசல் இமெல்டா வீடு. இரண்டாவது நான், மார்கிறட். மூன்றாவது என் புருஷனின் தமையன் இராயப்பு மாஸ்டர். நாலாவது சீதேவிப்பிள்ளை அக்கா. விறாந்தை எல்லோருக்கும் பொது. அதனால் அதைக் கூட்டுவது ஒருவருடைய வேலையும் இல்லை.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கிழமை கடலில் ஜப்பான்காரன் போட்ட குண்டு வெடித்தபோது முகப்புப் பூச்சு பாளம் பாளமாகக் கொட்டியது. அன்றிலிருந்து செங்கல்லைக் காட்டிக்கொண்டு நின்றது சுவர். கட்டடத்துச் சொந்தக்காரர் கச்சி முகம்மதுவிடம் இராயப்பு அத்தான் காத்தான்குடிக்கு நடையாய் நடந்தார். முகப்பைப் பூசி, சரிந்த தூண்களை நிமிர்த்தி, 1943 நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, முன் வெள்ளையும் அடித்துத் தருவதாகச் சொல்லவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அத்தானுக்கு முகப்பு என்றால் உயிர். தன் பக்கத்துத் தூணில் ஒரு கீறல் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நவம்பர் கடைசியில் சாலிஹ் காக்கா சாரம் கட்டிச் சுரண்டத் தொடங்கினார். காத்தான்குடி மேசன்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். மழை விட்டால் சுரண்டுவார், மழை பிடித்தால் விறாந்தையில் குந்தியிருந்து மழையைத் திட்டுவார். என் தையல் மெஷினில் தூசி, சோற்றில் தூசி, செபமாலையில் தூசி. பூசியது காயவில்லை. வீட்டுச் சாமான் பாதி விறாந்தையில், பாதி உள்ளே. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டைக்குக் கை வைப்பேன், எழும்பி வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து பார்த்தால் கை தலைகீழாக இருக்கும். தபால்காரர் எங்கள் தெருவில் திரும்புகிற நேரம் மட்டும் எனக்குத் தவறாது.

என் புருஷன் யோசேப்பு சரக்குக் கப்பலில் சமையல்காரர். நாற்பத்திரண்டு ஜனவரியில் ரங்கூனுக்கு என்று போனவர். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை. ஊர் அவரை என்றைக்கோ மோட்சத்துக்குக் கரையேற்றிவிட்டது. இமெல்டா எனக்குக் கிழமைக்கு ஒருதரம் சூப் கொண்டுவரத் தொடங்கினாள். நான் என்ன, நோயாளியா? அந்தச் சூப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நத்தாருக்கு எல்லோரும் வெள்ளையடிப்பார்கள். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு மட்டும் அடிக்காது. சொந்தச் சகோதரத்தின் வீடும் அடிக்காது. வேறு அறிவித்தல் தேவையில்லை, சுவரே சொல்லிவிடும். சாலிஹ் காக்கா வருஷா வருஷம் டிசம்பரில் எங்கள் தெருவுக்கு வருகிறவர். எங்கள் சுவாமியாரை விட அவருக்கு இது நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு வாளியில் மட்டைத் தூரிகையைத் தோய்க்குமுன் ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்பார்:

“அடிக்கிறதா, விடுறதா?”

அவள் வாயால் சொல்லவேண்டும். புருஷன் பக்கத்தில் நின்றாலும் அவள்தான் சொல்லவேண்டும். போன நத்தாருக்கு என்னிடம் கேட்கும்போது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. “அடிங்க காக்கா! என்ன கேள்வி இது?” என்று நான் போட்ட சத்தம் அக்கரைக்கும் கேட்டிருக்கும். அவர் அடித்தார். பூச்சுப் பெயர்ந்து கிடந்த செங்கல்லின் மேலேயே அடித்தார்.

இந்த வருஷம் டிசம்பர் இருபத்திரண்டு. மழை விட்டு வெயில் எறித்தது. காலையில் சாலிஹ் காக்கா இமெல்டாவிடம் கேட்பதும், அவள் “அடிங்க, அடிங்க” என்பதும் என் அறைக்குள் கேட்டன. நான் தலையை வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

இமெல்டாவின் சுவர் முடிந்தது. சாலிஹ் காக்கா ஏணியைத் தோளில் தூக்கினார். நிலத்தைப் பார்த்தபடி என்னைக் கடந்தார். அத்தான் வாசலையும் கடந்தார். நாலாவது வாசலில் ஏணியைச் சாத்தினார்.

அத்தானுடைய தூண் இன்னும் ஈரமாக இருக்கும், அதனால் பிறகு அடிப்பார் என்று எண்ணினேன். என் சுவர்தான் காய்ந்து மூன்று நாளாயிற்றே!

“சாலிஹ் காக்கா! என்ட வாசல் கண்ணுக்குத் தெரியல்லயா?”

அவர் ஏணியில் நின்றபடியே, “மறுகா பாப்பம், பிள்ள” என்றார்.

“மறுகா எண்டா எப்ப? நத்தார் முடிஞ்சா?”

அவர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். சீதேவிப்பிள்ளை அக்கா மெல்ல உள்ளே போய்விட்டா. இது யார் வேலை என்று எனக்கு உடனே விளங்கியது. நேராக இமெல்டாவிடம் போனேன்.

“உன்ட சூப்போட நிப்பாட்டக் கூடாதா? என்ட புருஷனச் சாக்காட்ட உனக்கு ஆரு உரிமை தந்தது?”

“மாதாவாண மார்கிறட், நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லல்ல!” அவள் அழுதேவிட்டாள்.

அவள் எதற்கும் அழுகிறவள் என்பதால் நான் நம்பவில்லை. திரும்பி வந்து சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் தூக்கினேன். “பிள்ள, பொறுங்க” என்று சாலிஹ் காக்கா ஏணியிலிருந்து இறங்கினார். பொறுக்கிற ஆளா நான்? மட்டையைத் தோய்த்து என் சுவரில் இழுத்தேன். சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் இழுத்தேன். ஊர் பார்க்கட்டும். யோசேப்பு வந்து இறங்கும்போது இந்த வரிசையிலேயே வெள்ளையான சுவர் அவருடையதாக இருக்கட்டும்.

எனக்கும் அத்தானுக்கும் நடுவில் உள்ள தூண் பொது. பாதி எனக்கு, பாதி அவருக்கு. வருஷா வருஷம் அப்படித்தான் அடிப்பது. இந்தத் தூண் ஈரமென்றால் அதைத் தொடக் கூடாதே என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. அதற்கு அப்பால் அவருடைய சுவரும் காய்ந்துதான் இருந்தது.

“அத்தான்!” என்று கூப்பிட்டேன். “உங்கட பாதியையும் நானே அடிக்கட்டா? இந்தக் காக்கா ஒரு மாதிரியா நிக்கிறார்.”

இராயப்பு அத்தான் வாசலுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். அவருக்குப் பின்னால் அவர் பெண்சாதி, மச்சாள் நின்றா. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

“அடிக்காத மார்கிறட்” என்றார் அத்தான். “எங்கட பக்கமும் விடச் சொல்லிட்டன்.”

“நீங்களா சொன்னது? காத்தான்குடிக்கு நடந்து நடந்து கேட்ட ஆள் நீங்க. உங்கட பக்கத்த ஏன் விடோணும்? உங்கட வீட்டில ஆரு செ...”

மட்டையை இறக்கினேன்.

எங்கட பக்கமும். அவர் ‘உம்’ போட்டுச் சொல்லியிருந்தார். அவருடைய வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மச்சாள் நின்றா, பிள்ளைகள் உள்ளே பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. தாயும் தகப்பனும் போய்ப் பத்து வருஷம். அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒருவர்தான்.

கையிலிருந்த மட்டை விறாந்தையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், “எப்ப?” என்று கேட்டேன்.

“கடிதம் வந்து இருபது நாள். பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு வந்தது. கூட வேலை செஞ்ச ஒராள் கல்கத்தாவில இருந்து எழுதியிருக்கார். அந்தப் பெப்ரவரியிலயே கப்பல் கடலில மூழ்கிட்டுதாம்.” அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். “நத்தார் போகட்டும், மறுகா சொல்லுவம் எண்டு நினைச்சன். உன்னட்டப் பொய்யா நடந்துகொள்ள எனக்கு மனம் வந்திட்டுது, பிள்ள. தம்பி செத்த சேதி வந்த வருஷம் வெள்ளை அடிக்க மனம் வரல்ல.”

இரண்டு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுதும் ஒருவர் மேலும் போய் விழாமல் எனக்குள்ளேயே நின்றது. இருபது நாள் அத்தானுக்குத் தெரியும். மச்சாளுக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து காத்தான்குடி மேசனுக்கும் தெரியும். சுவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. நான் தலை வாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறேன்.

அத்தான் கடிதத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. திரும்பி என் வாசலுக்கு நடந்தேன். மூன்று முழம் நீளத்துக்கு நான் அடித்த வெள்ளை, கோணல்மாணலாக, இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது. சாலிஹ் காக்கா வாளியின் பக்கத்தில் நின்றார். மட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

“காக்கா, எல்லா வாசல்லயும் கேட்டீங்க. என்னட்ட ஏன் கேக்கல்ல?”

“எந்த முகத்தோட கேக்கிற, பிள்ள?”

“கேளுங்க.”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இமெல்டா தன் வாசலில் வந்து நின்றாள். சீதேவிப்பிள்ளை அக்கா வந்தா. அத்தான் அந்தத் தூணைப் பிடித்தபடியே நின்றார்.

“அடிக்கிறதா பிள்ள, விடுறதா?”

போன வருஷம் அக்கரைக்குக் கேட்கச் சத்தம் போட்டவள் நான். இந்த முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்தார். நான் இன்னொரு தரம் சொல்லவேண்டி வந்தது.

“விடுங்க காக்கா.”