கோச் ஏக்கர்ஸ் வீட்டுப் புல்வெளியில் ஒரு பலகை

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊர் மொத்தமும் சர்ச்சில் உட்கார்ந்து பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் கோச் ஏக்கர்ஸ் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை நட்டேன். நட்ட வேகத்தில் மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாயையும் குத்திவிட்டேன். சுத்தியலின் மூன்றாவது அடியில் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், நான் பிளம்பர். அந்தக் குழாயைப் பதித்ததும் நானே.

பலகை நடுவது எங்கள் அலபாமா பக்கத்து வழக்கம்தான். பந்தைக் கையில் பிடித்து ஆடும் எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில், காலேஜ் கோச் தொடர்ந்து தோற்றால், யாரோ ஒருவர் அவர் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நடுவார். 'மூட்டையைக் கட்டு' என்று அர்த்தம். நட்டது யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை காலை டைனர் சாப்பாட்டுக் கடையில் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் தின்றுகொண்டு எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் டாசன் ஃபெரி ஊரில் அதற்கு மேல் பொழுதுபோக்கு கிடையாது.

எங்கள் அணியின் பெயர் நாரைகள். அந்தச் சனிக்கிழமையோடு நாரைகள் தொடர்ந்து மூன்றாவது ஆட்டத்தில் தோற்றிருந்தன. ஆனால் நான் சுத்தியலை எடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. எழுதும்போதாவது உண்மையை எழுதிவிடுகிறேன். பந்தை எறிபவனுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பேரில் என் மகன் வெண்டல் ஒருவன். எடை இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. அவ்வளவு பெரிய பிள்ளையை கோச் பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கணினியில் பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்து, வேனில் கிடந்த ஒரு பலகைமேல் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தண்ணீர் பீய்ச்சியதும் நான் நியாயமாகச் செய்திருக்க வேண்டியது, தெருமுனை வால்வை மூடுவது. இருபத்தெட்டு வருஷத் தொழில் அனுபவம். நான் செய்தது, ஓடியது. பலகை அங்கேயே நின்றது.

மத்தியானம் போன் வந்தது. கோச்சின் மனைவி மார்வெட்.

"ஹோலிஸ், எங்க வாசல்ல ஒரு குளம் வந்திருக்கு. நாரைங்க வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. கொஞ்சம் வர முடியுமா?"

எங்கள் கவுண்டி வட்டாரத்தில் பிளம்பர்கள் நாலு பேர். என்னைக் கூப்பிட்டது, குழாய் பதித்தவன் என்பதால்தான் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான் முதலில் வரும்.

போனபோது பலகையைக் காணோம். மார்வெட் சர்ச்சுக்குப் போட்ட மஞ்சள் தொப்பியோடு, வெறுங்காலோடு படியில் நின்றிருந்தார். பின்னால் அவர்களுடைய பத்து வயது மகள் ஐவி. அவள்தான் காரிலிருந்து இறங்கி முதலில் பலகையைப் படித்தாளாம். "அம்மா, நாம மறுபடியும் வீடு மாத்தறோமா?" என்று கேட்டாளாம். மார்வெட் இதை எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல் சொன்னார். முழங்கால் வரை சேற்றில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

திறந்தேன். "எந்தப் பாவி, மிஸ் மார்வெட், இப்படிப் பண்ணினான்?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "குழாய் எங்க போகுதுன்னு தெரியாத ஆளா இருக்கணும்."

"காலேஜ் பசங்க வேலையாத்தான் இருக்கும். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்கன்னு ஒரு பயமே இல்ல."

வேலை முடிந்ததும் பணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாக மறுத்தேன். அதற்குப் பதிலாகச் சமையலறையில் உட்காரவைத்து வெண்ணெய் கேக் கொடுத்தார். ஒரு துண்டோடு எழுந்திருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். இரண்டு தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நாரைகள் ஜெயிக்க ஆரம்பித்தன. வெண்டலை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டார் கோச். அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தது அவமானப்படுத்த இல்லையாம். அவன் வலது காலைத் தப்பாக ஊன்றுகிறான், முட்டி போய்விடும் என்று கண்டுபிடித்தாராம். தினமும் பயிற்சி முடிந்து அரைமணி நேரம் அவனோடு தனியாக நின்று, ஒரே ஒரு அடியைத் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கச் சொன்னாராம். இதை வெண்டல் போனில் சொன்னபோது நான் யாரோ வீட்டுச் சாக்கடைக் குழாய்க்குள் தலையை விட்டிருந்தேன். தலையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

ஆறு ஆட்டம். ஆறும் வெற்றி.

நவம்பர் கடைசியில் எங்கள் சின்ன விமான தளத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு தனி விமானம் வந்து இறங்கியது. எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கமுள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் நிறம் அது. விமானம் நின்றது நாற்பது நிமிடம். அதற்குள், கோச்சைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே வியர்த்துவிட்டது.

அன்று மாலையே கோச் வீட்டுப் புல்வெளியில் புதுப் பலகைகள் முளைத்தன. 'போகாதீங்க கோச்'. 'இது உங்க ஊர்'. மரங்களில் பச்சை ரிப்பன். அக்டோபரில் டைனரில் வயிறு குலுங்கச் சிரித்த அதே ஆட்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய் எங்கே போகிறது என்று என்னைக் கேட்டுக் கேட்டு நட்டார்கள்.

வெண்டல் போன் செய்தான். "அப்பா, கோச் போனா நானும் வேற காலேஜ் பாத்துக்கிட்டுப் போறேன். இங்க எனக்கு வேற யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்டா."

"நீங்க கால் வைக்கச் சொல்லித் தருவீங்களா?"

நான் அந்த வீட்டுப் புல்வெளியில் கால் வைத்த லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

டைனரில் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோச் தங்கினால் அடுத்த வருஷம் எத்தனை ஜெயிப்போம், யார் யார் வருவார்கள். தீவனக் கடை லமார் காகித நாப்கினில் எழுதினான். நான் குறுக்கே புகுந்து ஏதோ சொல்லப்போக, லமார் பேனாவை என் பக்கம் தள்ளினான்.

"வாய் இருக்குல்ல, நீயே எழுது. வியாழக்கிழமை சாப்பாட்டுல எழுந்து படி. கோச் காதுல விழட்டும்."

"நான் எதுக்குடா? பிளம்பர் பேச்சை யாரு கேப்பா?"

"ஊர்ல நடக்கற கசிவெல்லாம் உன் வழியாத்தான்டா வெளிய வருது. எழுது."

வியாழக்கிழமை சாப்பாடு என்பது ஆதரவாளர் சங்கத்தின் வாராந்தரக் கூட்டம். பொரித்த கெளுத்தி, இனிப்புத் தேநீர், கோச்சின் ஐந்து நிமிடப் பேச்சு. 'கோச் தங்கினால்' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். குற்றவாளிகள் நன்றாக எழுதுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கோச் தங்கினால், மேற்குப் பக்கத்து இரும்புப் படிக்கட்டுக்குச் சாயம் அடிப்போம். துருக்கறை படிந்த கால்சட்டையோடு யாரும் வீடு திரும்ப வேண்டியதில்லை. கோச் தங்கினால், முதல் வருஷம் சேர்ந்த பையன் நாலாம் வருஷமும் இங்கேயே இருப்பான். அவன் பெயரை நாங்கள் சட்டையைப் பார்க்காமலே கூப்பிடுவோம். எங்கள் வாத்தியக் குழுவில் டியூபா வாசிக்க மூன்றாவது ஆள் கிடைப்பான். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாளும் டைனரில் கோச்சுக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அதில் வேறு யாரும் உட்கார மாட்டோம். அவருடைய மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, எங்கள் பிள்ளைகளோடு சண்டை போட்டு, எங்கள் ஊர் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு கெட்டுப்போவாள். எவன் வீட்டு வாசலிலும் யாரும் பலகை நட மாட்டோம்.

கடைசி வரியில் தடுக்கி, அதை இரண்டு தடவை படித்தேன். கூட்டம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டியது. லமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோச் பர்னெல் ஏக்கர்ஸ் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்வெட் அவர் பக்கத்தில் இருந்தார். மார்வெட் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

வாசலில் கோச்சை மடக்கினேன். "கோச், இருப்பீங்களா?"

"ஹோலிஸ், என் நினைப்பெல்லாம் இந்தச் சனிக்கிழமை ஆட்டத்துலதான்."

"அதுக்கப்புறம்?"

"ஒவ்வொரு ஆட்டமாத்தான் பாக்கணும்."

"இது கடைசி ஆட்டம், கோச்."

"அப்ப அதுக்கு இன்னும் நல்லா தயாராகணும்." முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். கோச்சுகளிடம் நேரான பதில் வாங்குவதைவிட அடைத்துப்போன குழாயில் சுலபமாகச் சர்பத் வாங்கலாம்.

காலேஜின் விளையாட்டு இயக்குநரைக் கேட்டேன். பேச்சு நல்ல திசையில் போவதாகச் சொன்னார். எந்த ஊர்த் திசை என்று சொல்லவில்லை. பாஸ்டரைக் கேட்டேன். ஜெபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். கோச் வீட்டுக்குத் தபால் போடும் பெண்மணியைக்கூடக் கேட்டேன். வீடு மாற்ற அட்டைப்பெட்டிகள் வாங்கியிருக்கிறார்களா என்று. "கிறிஸ்துமஸ் வருதே, எல்லாரும்தான் வாங்குவாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மார்வெட் கூப்பிட்டார். சமையலறைக் குழாய் சொட்டுகிறதாம்.

அக்டோபருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போவது இது மூன்றாவது தடவை. நடுவில் ஒருமுறை குளியலறை, ஒருமுறை வெந்நீர்த் தொட்டி. இரண்டு முறையும் கேக். இரண்டு முறையும் நானே பேச்சை எடுத்து, அந்தப் பலகை நட்ட பையன்களைப் பற்றி இன்னும் புதிய தகவல்கள் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கடைசியாகச் சொன்னபோது அவர்கள் மூன்று பேர். ஒருவனுக்குச் செம்பட்டைத் தலை.

குழாயில் பெரிய பிரச்சினை ஒன்றுமில்லை. ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மாற்றினேன். மேஜைமேல் கேக் இல்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது, மிஸ் மார்வெட்."

அவர் சாமான் அறைக் கதவைத் திறந்து, பின்னாலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். என் பலகை. நான் ஒட்டிய தாள் தண்ணீரில் ஊறிப் பாதி உரிந்து தொங்கியது. அடியில் பச்சை எழுத்து பளிச்சென்று தெரிந்தது: 'இங்கே வேலை செய்வது டால்பெர்ட் பிளம்பிங்'. அதற்குக் கீழே என் போன் நம்பர். வேலை நடக்கும் வீடுகளில் விளம்பரத்துக்காக நான் நட்டுவைக்கும் பலகை.

"அன்னைக்கு இதைப் பாத்துதான் உங்க நம்பரைப் போட்டேன்" என்றார்.

  முகம் வெந்நீர்த் தொட்டி மாதிரி கொதித்தது. தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன். ஏழு வாரம் கழித்து, சாட்சி மேஜைமேல் இருக்கும்போது.

"தெரியும்."

"வெண்டலை உட்காரவச்சாருன்னு கோபம். அவன் முட்டிக்காகத்தான்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம்?"

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பரில் கடைசி ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"மிஸ் மார்வெட், ஊர்ல யாரும் எனக்கு நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. கோச் இருக்காரா, போறாரா?"

"போறோம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவர் இருக்கலாம்னுதான் சொன்னார். நேத்து நீங்க படிச்சதைக் கேட்டுட்டு வந்து, ரெண்டாவது தடவையும் சொன்னார். நான்தான் முடியாதுன்னேன்."

"இந்தப் பலகையாலயா?"

"இது எங்களுக்கு ஆறாவது பலகை, ஹோலிஸ். பலகைக்கெல்லாம் ஊரை விட்டுப் போறதுன்னா எனக்குக் கல்யாணமே நிலைச்சிருக்காது." அவர் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பலகை நட்டவர் எந்தப் பாவி பண்ணினான்னு என்னையே கேட்டுட்டு, இந்த நாற்காலியில உக்காந்து என் கேக்கைத் தின்னார். பக்கத்துல ஐவி நின்னா. அவளும் இந்த நம்பரைப் படிச்சவதான். ஒவ்வொரு தடவையும் நீங்க போனப்புறம், 'இன்னைக்காவது சொன்னாராம்மா?'ன்னு கேப்பா. அந்தச் செம்பட்டைத் தலையனைப் பத்திச் சொன்ன அன்னைக்கு அவ கேக்கறதை விட்டுட்டா. அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன்."

வெளியே புல்வெளியில் யாரோ இன்னும் ஒரு 'போகாதீங்க' பலகையை நட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. மூன்றாவது அடிக்கு என்னை அறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அந்த ஞாயித்துக்கிழமையே," என்றேன், "சேத்துல நின்னப்பவே, நான்தான்னு சொல்லியிருந்தா?"

மார்வெட் யோசிக்கக்கூட இல்லை.

"இருந்திருப்போம்" என்றார்.