கடைசிப் பெட்டி முதலில்

9-7-1981, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. 'மழையில்' என்று எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை குற்றாலத்தில் விழுந்தது மழை அல்ல, சாரல். மழை என்பது மாமாவின் சொல். அது எப்படி என் பேனாவுக்குள் வந்தது என்று யோசித்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது.

1

வில்லன் கதை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். நம் படங்களில் வழி தெளிவானது. பட்டுச் சட்டையும் மருவுமாக முதலில் வந்து மிரட்டுகிறவன் வெறும் அடியாள். விபூதி பூசி, ஊருக்குச் சோறு போட்டு, கதாநாயகியை 'மகளே' என்று கூப்பிடுகிற பெரியவர்தான் கடைசி ரீலில் விக்கைக் கழற்றுவார். எத்தனை தடவை பார்த்தாலும் வாயைப் பிளக்கிறோம்.

ஓர் ஆரம்பம்: 'குத்தாலிங்கம் ஒரு கொடிய...' (இல்லை. அவர் என் அம்மாவின் தம்பி. தென்காசியில் மாலை நேரத் தட்டச்சு வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர்.)

இன்னொன்று: 'குத்தாலிங்கம் மிகவும் நல்லவர்.' (இப்படித் தொடங்கினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

'நான்' என்று எழுதக் கூசுகிறது. கதைக்குள் 'முத்துவடிவு' என்றே வைத்துக்கொள்கிறேன். என் பெயர்தான், ஆனாலும் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது.

2

சீசனில் ஒரே படம் தென்காசியிலும் குற்றாலத்திலும் ஓடும். தென்காசியில் ஓடி முடிந்த ரீல் பெட்டிகளைப் பேச்சிமுத்து சைக்கிளில் கட்டி, குற்றாலத்துக் கொட்டகைக்குக் கொண்டுவருவான். செவ்வாய் மாலை, இடைவேளைக்கு முன்பே மீதி இரண்டு பெட்டிகளையும் இறக்கிவிட்டான். ஆபரேட்டர் அறைக்குக் கீழே, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த முத்துவடிவுக்கு மேனேஜர் குத்தாலிங்கத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாய், கடைசிப் பெட்டிய முதல்ல போடும்."

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதீயளா?"

"சம்பந்தக்காரவுக செங்கோட்டை கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்லா. கிளைமாக்ஸ் பாக்காமப் போனா மூஞ்சத் தூக்குவாவ. சனத்துக்கு முன்ன எது, பின்ன எதுன்னு என்ன தெரியப்போவுது?"

சனத்துக்குத் தெரிந்தது. பெரியவர் விலங்கோடு போனார். அடுத்த பெட்டியில் அதே பெரியவர் அநாதைகளுக்குச் சோறு பரிமாறினார்.

"ஏலே, போலீஸ் விட்டுட்டாம்லே!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. 'மகளே' என்றார், சிரிப்பு. கண்ணைத் துடைத்தார், அதற்கும் சிரிப்பு. அப்புறம் விசில். அப்புறம் நாற்காலிகள் உடைந்தன.

3

மறுநாள் காலை மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள் முத்துவடிவு. கொட்டகை வாசலில், எல்லார் முன்னும், அவர் பேச்சிமுத்துவின் தோளில் கை போட்டிருந்தார்.

"மழையில அவசரத்துல பெட்டிய மாத்திக் குடுத்துட்டே. மொதலாளி வெள்ளிக்கிழமை வருதாவ. நீயே ஒத்துக்கோலே."

"மழை எங்க அண்ணாச்சி பெஞ்சுது? சாரல்லா."

"சரிலே, சாரல். அதுவா இப்பப் பேச்சு?"

"ஒத்துக்கிட்டா வேல போயிருமே."

"போனாப் போவுது. வேற பாத்துத் தாரேன். உன்ன என் பிள்ள மாதிரில்லா நெனைக்கேன்!"

ஆபரேட்டர் பாய் நின்றார். முத்துவடிவு நின்றாள். கடைசி ரீலை முந்தின நாளே பார்த்தவர்கள் நாங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

('நின்றாள்' என்பதை அடித்துவிட்டு 'நின்றேன்' என்று எழுத வேண்டும். பிறகு.)

4

முடிவு ஒன்று: "நிறுத்துங்க!" என்று முத்துவடிவு ஓடி வருகிறாள். பின்னாலேயே போலீஸ் ஜீப். (சீசனில் ஜீப் அருவிக்கரையை விட்டு நகராது.)

முடிவு இரண்டு: மாமா மனம் திருந்தி அழு... (இன்று சாயங்காலம் எனக்கு அல்வா வாங்கி வந்தார். அவரும் நன்றாகச் சாப்பிட்டார்.)

முடிவு மூன்று: பேச்சிமுத்து ஒத்துக்கொள்கிறான். முத்துவடிவு அதைக் கதையாக எழுதிப் பெயர் வாங்குகிறாள். அப்போது வில்லன் யார் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசிப் பெட்டி உங்கள் கையில் இருக்கிறது.

நாளை: முதலாளி பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதரை பஸ்ஸில் குற்றாலம் போக வேண்டும். மாமாவும் அதே பஸ்தான்.