சொல்லாத விண்ணப்பம்

என் புருஷன் ராய்ஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் ஜெபத்துக்குக் குறைவில்லை. முழங்கால் தேய்ந்து அவன் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் பஞ்சம் வந்தது.

சொன்னால் எங்கள் சபையில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டான், இனிமேல் இரண்டு பேரும் சேர்ந்தே ஜெபிக்கலாம், நெல்டா கொடுத்துவைத்தவள் என்று பெண்கள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் அவன் லாரியில் அமெரிக்க தேசத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தான். எந்த ஊரில் இருந்தாலும் விடியற்காலையில் போன் வரும். வேதப்புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பான். பிறகு அவன் ஜெபிப்பான், பிறகு நான், சில நாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆரம்பத்தில் அது பக்தியைவிடப் பயத்தினால் வந்த பழக்கம். ஒரு சங்கீதமாவது வாசித்துவிட்டு வண்டியை எடு, என் மனசு நிம்மதியாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். போகப் போக அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. ஒருநாள் விட்டால் நாள் முழுக்க வாய் கசக்கும்.

ஆனால் பழக்கத்துக்குள் வேறொன்றும் வளர்ந்தது. எங்கள் ஆர்கன்சா மலைப்பக்கத்து ஜனங்கள் மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. கோபம் வந்தால் விறகு பிளப்பார்கள். துக்கம் வந்தால் வண்டியைக் கழுவுவார்கள். ராய்ஸ் பள்ளிக்கூடத்தில் என் பின்பெஞ்சுக்காரன். அந்த நாளிலிருந்து அவனைத் தெரியும், ஆனால் அவன் மனசை நான் தெரிந்துகொண்டது போனில்தான். அதுவும் அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆண்டவரே, நேத்து ஓக்லஹோமாகிட்ட ஸ்டியரிங் மேலயே கண்ணு அசந்துட்டேன். நீங்கதான் தட்டி எழுப்பினீங்க. நெல்டாகிட்ட சொன்னா பயந்துடுவா" என்பான். சொன்னால் பயந்துவிடும் அந்த நெல்டா போனின் மறுமுனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

என் முறை வரும்போது நானும் சும்மா இருக்க மாட்டேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் ரோட்டோரக் கடையில பன்னிக்கறியா தின்னு கொழுப்பை ஏத்திக்கிறான். இவன் வாயைக் கட்டுங்க" என்பேன்.

"ஏய், இது ஜெபமா, புகாரா?" என்று நடுவில் கத்துவான்.

"உன்கிட்ட பேசல. நீ வாயை மூடிக்கிட்டு கண்ணையும் மூடு."

"கண்ணை மூடினா வண்டி பள்ளத்துல போயிடும்டி."

எங்கள் மகள் விவாகரத்து வாங்கப்போகிறாள் என்பதும் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் ஆண்டவரிடம் அழுதேன், அவன் ஏதோ ஓர் ஊரின் லாரி நிறுத்தத்தில் உட்கார்ந்து என்னோடு அழுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையிருக்கவில்லை.

வேலையை விட்டு வந்த முதல் நாள் காலை, ஆசை ஆசையாகச் சோள ரொட்டியும் முட்டையும் செய்து மேஜையில் வைத்தேன். வேதப்புத்தகத்தையும் எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ராய்ஸ் தலையைக் குனிந்தான். தொண்டையைச் செருமினான்.

"பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், இதைச் சமைத்த கரங்களை ஆசீர்வதியும், ஆமென்."

அவ்வளவுதான். கை ரொட்டிக்குப் போய்விட்டது.

அது அவன் குரலே இல்லை. செத்துப்போன என் மாமனாரின் குரல். அந்தக் குடும்பத்தில் மேஜைத் தலைமாட்டில் ஆண்பிள்ளை உட்காருவான், அந்த ஒரே வரியைச் சொல்லுவான், மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள். பெண்ணுக்கு அங்கே முறையே கிடையாது. போனுக்கு அப்படி ஒரு தலைமாடு இல்லாததால் நாங்கள் பிழைத்திருந்தோம் போலிருக்கிறது.

"என் முறை?" என்று கேட்டேன்.

"சாப்பாடு ஆறிடும், நெல்டா" என்றான். காதெல்லாம் சிவந்துவிட்டது அவனுக்கு.

மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும் அதே வரி. சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய் எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். அவன் எங்கோ தூரத்தில் இருந்தபோது அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் மார்ச் மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், முகத்தை மாற்றிக்கொள்ளாமல், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். நாள் குறித்தார்கள், ஒரு வியாழக்கிழமை. கூட யாராவது வரவேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். "என் வீட்டுக்காரர் வருவார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தேனே தவிர, சொல்ல வாய் வரவில்லை. தனியாக ஜெபிக்கத் தெரியாதவள் இல்லை நான். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேட்டார், சந்தேகமில்லை. ஆனால் ராய்ஸும் கேட்க வேண்டும் எனக்கு. ஒவ்வொரு காலையும், இன்றைக்கு அவன் முடித்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன் என்று காத்திருப்பேன். ஆமென் என்பான், உப்பை எடு என்பான். உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு எப்படி ஐயா சொல்லுவது?

அப்புறம்தான் அந்தத் தப்பைச் செய்தேன். புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் ஜெப விண்ணப்பங்களைக் கேட்பார். ஒருவர் முழங்கால் வலி என்பார், ஒருவர் பேரனுக்குப் பரீட்சை என்பார். வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம் உள்ளவர்கள் கையை மட்டும் தூக்கி, "சொல்லாத விண்ணப்பம்" என்பார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கக் கூடாது, அது எங்கள் சபையின் வழக்கம். நான் கையைத் தூக்கினேன். இதைப் பார்த்தாவது ராய்ஸ் வீட்டுக்குப் போகிற வழியில் கேட்பான் என்று நினைத்தேன். ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வழியில் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் வழக்கம். ஊகிக்கக் கூடாது என்று இல்லையே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கையோடு எங்கள் சபை மேவிஸ் சிஸ்டர் கோழியும் நூடுல்ஸும் போட்ட கண்ணாடிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஊரில் யாருக்கு என்ன துக்கம் என்றாலும் முதலில் வருவது அவளும் அவள் பாத்திரமும்தான். நான் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ராய்ஸிடம் அவள் பேசியது சுவர் வழியாகக் கேட்டது.

"மனசைத் தளர விடாதீங்க, ராய்ஸ். ஆம்பளைங்க ரிட்டயர் ஆகி வீட்டோட இருந்தா பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்யும். எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. நாங்க எல்லாரும் உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறோம்."

"சரிங்க சிஸ்டர்" என்றான் ராய்ஸ். "பாத்திரத்தைக் கழுவித் தரச் சொல்றேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேவிஸின் கோழியை மேவிஸின் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஓடிப்போய், அது அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் எப்படி என்று கேட்பானே! நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கோழி நன்றாகத்தான் இருந்தது, இரண்டு பேரும் அதைப் பேசாமல் தின்றோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் ராய்ஸ் பழைய பயணப்பையை எடுத்தான்.

"தீவன மில்லுல டிரைவருக்கு உடம்பு சரியில்லையாம். மிசௌரிக்கு ஒரு லோடு இருக்கு. போயிட்டு வரேன்."

"எப்ப வருவ?"

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன். அங்க நல்லா இருந்தா, அப்படியே வாரா வாரம் எடுத்துக்கலாம்னு பாக்குறேன்."

"உன் முழங்காலு?"

"அது கெடக்குது. உனக்கும் கொஞ்சம் காத்தாட இருக்கும்."

காற்றாடவாம்! சட்டையை மடிக்கிறேன் என்று பையில் திணித்தேன். வியாழக்கிழமை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. முகத்துக்கு நேரே சொல்லிப் பழகாதவளுக்கு அறுபது வயதுக்கு மேல் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே கிளம்பிப் போனான். நான் காபியைப் போட்டுக்கொண்டு, தனியாகவே மருத்துவமனைக்குப் போய்விடுவது, மகளிடம்கூடச் சொல்வதில்லை என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

போன் அடித்தது.

"நெல்டா" என்றான். "மில்லுலதான் இருக்கேன். இன்னும் லோடு ஏத்தல." பிறகு ஒரு சங்கீதத்தை வாசித்தான், பழையபடி, கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவன் தடுமாறுவது போலத் தடுமாறித் தடுமாறி. வாசித்துவிட்டு, பழைய குரலில், தன் சொந்தக் குரலில் ஆரம்பித்தான்.

"ஆண்டவரே, வீட்ல ஒக்காந்து உங்ககிட்ட பேச எனக்கு வரமாட்டேங்குது. அந்த மேஜையில ஒக்காந்தா எங்கப்பா வந்து என் வாயில ஒக்காந்துக்குறாரு. அவ என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. வெக்கமா இருக்கு. அவளுக்கு நான் பாரமாயிட்டேன். ஊரெல்லாம் கூட்டி எனக்காக ஜெபிக்கச் சொல்ற அளவுக்கு ஆயிட்டேன். நான் ரோட்லயே இருந்தா அவளுக்கு நிம்மதின்னா, இருந்துட்டுப் போறேன். அவளை மட்டும் பாத்துக்குங்க. வேற எனக்கு யாரு இருக்கா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த மடையன் இத்தனை நாளாக இதையா சுமந்துகொண்டு ஷெட்டில் தட்டிக்கொண்டிருந்தான்! அவன் நிறுத்தினான். என் முறை.

"ஆண்டவரே" என்றேன். "இவனுக்கு மூளையே வெக்காம அனுப்பிட்டீங்க. நான் கையைத் தூக்கினது இவனைப் பத்தி இல்ல. என் மார்ல ஒரு கட்டி இருக்கு. வியாழக்கிழமை ஊசி குத்திப் பாக்கப்போறாங்க. இவன்கிட்ட சொல்லணும்னு தினமும் காலையில காத்துக்கிட்டு இருந்தேன், இவன் என் முறையைக் குடுக்கவே இல்ல. இப்ப மிசௌரிக்குப் போறானாம். போகட்டும், ஆண்டவரே. ஆனா போக விடாதீங்க."

மறுமுனையில் வண்டிக் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ "ஏய் ராய்ஸ், எங்க போற, லோடு ஏத்தணும்!" என்று கத்தினார்கள். "வேற ஆளைப் பாரு!" என்று ராய்ஸ் கத்தினான். எஞ்சின் உறுமியது. போனை வைக்கவில்லை அவன். வழியெல்லாம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை.

தீவன மில்லின் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். என் துலிப் பூப்பாத்தி மேல் ஏற்றி நிறுத்தினான். முழங்காலை இழுத்துக்கொண்டு படியேறி உள்ளே வந்தான், போன் இன்னும் காதில்தான் இருந்தது. என் கையிலும் போன். ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இரண்டு கிழடுகள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவன் போனை மேஜையில் வைத்தான். தலைமாட்டு நாற்காலியை விட்டுவிட்டு, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எனக்கு வேறு எதுவும் தெரியாததால், வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவன் வந்துட்டான்..." என்று ஆரம்பித்தேன்.

என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அவருக்கு முன்னாடியே தெரியும், நெல்டா. எனக்குத்தான் தெரியாது. என்கிட்ட சொல்லு."