இருபத்தெட்டு ஊசி

கூடத்தில் இருந்தவர்கள்: அண்ணி நவமணி, பக்கத்து வீட்டு லோகேஸ்வரி, சுகுமாரன், அவன் அண்ணன் தங்கராஜு. செத்தவரையும் சேர்த்து நான்கு பேர். மற்றவர்கள் வெளியே கூடாரத்தில் சவ வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

சுகுமாரன் அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். துணி வழுக்கியது. இடது கெண்டைக்கால் வலதைப் போல இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. வேட்டியை இழுத்து மூடினான்.

மூன்று வாரத்துக்கு முன் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சாய்ந்து தங்கராஜுவின் இடது தொடையெலும்பு மூன்று துண்டானது. ஐந்து மணி நேர ஆப்பரேஷன். எலும்புக்குள் நீளக் கம்பி, பக்கத்தில் தகடு, திருகுகள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சுகுமாரனிடம் ஒரு பெட்டி ஊசியைக் கொடுத்தாள். "கால்ல ரத்தம் கட்டாம இருக்க. தெனம் ஒன்னு, வயித்துல. இருவத்தெட்டு நாளு. விடக்கூடாது."

நான்கு நாள் போட்டான். வயிறு கன்றிப்போனது. ஐந்தாம் நாள் தம்பி ஊசியை எடுத்ததும் அண்ணனே சொன்னார்: "விடுறா. கம்பி வலிய விட இது பெரிய ரோதனையா இருக்கு லா. அண்ணிகிட்ட சொல்லாத."

அதிலிருந்து தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி மருந்தைத் துண்டில் பீய்ச்சினான். அண்ணன் "ஐயோ!" என்று கத்திவிட்டுக் கண்ணடிப்பார்.

நேற்றுக் காலை குளியலறைக்குப் போகும் வழியில் மூச்சுத் திணறிச் சரிந்தார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்கும் என்றார் டாக்டர்.

"தெனம் ஊசிக்கு இவரு போடுற கூச்சல் அடுப்படி வரைக்கும் கேக்கும்," என்றாள் நவமணி. "நீங்கதான் பொறுமையா போட்டீங்க, தம்பி."

லோகேஸ்வரி வேட்டியை விலக்கினாள். "என்னா மணி, இந்தக் காலு மட்டும் இப்படி ஊதியிருக்கு? எங்க மாமாவுக்கும் தொடையில கம்பிதான். ஊசி போட்டாங்க, ஒன்னும் ஆவல. சபாக் மார்க்கெட்ல சண்ட போட்டுக்கிட்டுத் திரியுறாரு."

நவமணி காலைப் பார்த்தாள். பிறகு சுகுமாரனை.

"தம்பி. ஊசி உள்ள போச்சா?"

போச்சு என்று ஒரு சொல் போதும். அவனைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் தாடை கட்டப்பட்டுக் கிடக்கிறார்.

"நாலு நாளுதான், அண்ணி."

"அப்ப அந்தக் கத்தலு?"

அவன் நழுவிய துணியை மறுபடி கட்டப் போனான். அவள் துணியைப் பிடுங்கி, ஒரே இழுப்பில் விரல்களைக் கட்டினாள்.

வண்டி வந்தது. சுகுமாரன் கால்மாட்டில் தோள் கொடுத்தான். ஒன்பது வருடமாக அவனும் படுத்தெழுந்த அண்ணன் வீடு. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று முதுகு விறைத்துக்கொண்டு படியிறங்கினான். சத்தமே இல்லை.

"என்னா மணி, கதவ இப்பவே எதுக்குச் சாத்துற? தம்பி திரும்பி வர வேணாமா?" லோகேஸ்வரியின் குரல்.

கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.